முப்பத்தொன்றுக்கு எதிரே மூன்று பெருக்கல்

பத்து இருபதுக்குச் செண்பகவல்லி அந்த வரியைப் பார்த்துவிட்டாள். கோப்பின் முதல் வரி, ஒருவரும் படிக்காத வரி. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறவள் அவள்தான், எடுத்துவிட்டுத் தன் கோப்பில் பார்க்காமல் விட்ட மகராசியும் அவள்தான். சுண்டெலி, புதிய பதிப்பு, என்றது வரி. அவளிடம் இருந்த எண்கள் பழைய பதிப்புக்கு உரியவை. இரண்டு நாளாகச் சந்தேகப்பட்டது இதுதானா. சுண்டெலியின் டி.என்.ஏ. இருநூற்று எழுபது கோடி எழுத்து நீளம், இருப்பதோ நாலே எழுத்து, ஏ, சி, ஜி, டி, அவையே மாறி மாறி. சில ஆண்டுக்கு ஒருமுறை அதில் விட்டுப்போன இடங்களை நிரப்பிப் புதுப் பதிப்பு போடுவார்கள், நிரப்பியதும் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றின் எண்ணும் நகர்ந்துவிடும். பழைய அச்சின் பக்க எண்ணை வைத்துக்கொண்டு புது அச்சில் வரியைத் தேடின மாதிரி அவள் தேடியிருக்கிறாள். தேடின இடத்தில் எழுத்து இருந்தது, எழுத்து எங்கேதான் இல்லை, தப்பான எழுத்தும் எழுத்து மாதிரியேதான் இருக்கும். பன்னிரண்டு துண்டு, பன்னிரண்டும் தப்பு. ஒன்று எண்பதாயிரம் எழுத்து தள்ளி, ஒன்று இரண்டு லட்சம் தள்ளி, ஏதோ வெறும் பொட்டலில் இருந்து வெட்டியெடுத்த துண்டு. மறுபடி பார்த்தாள். மறுபடியும் தப்புதான். திரை இருண்டுவிடாமல் இருக்க ஸ்பேஸ் பாரைத் தட்டினாள், டக் என்றது, கையை இழுத்துக்கொண்டாள். அந்தச் சத்தம்.

அந்தச் சத்தத்தை அவள் ஒருமுறைகூட நேரில் கேட்டதில்லை, அதுதான் கேவலம். அம்ரீன் சொல்லித்தான் தெரியும். ஆய்வகத்தில் இவள் கணினிப்பக்கம், அம்ரீன் கைவேலைப்பக்கம். மூன்றாம் மாடியில் குளிர்பதன அறையில் உட்கார்ந்துகொண்டு செண்பகவல்லி பட்டியல் எழுதுவாள், பட்டியலில் இருக்கிறதைக் கீழே தரைத்தளத்தில் அம்ரீன் செய்வாள். மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எங்கே வேலை செய்ய வேண்டும் என்பது மரபணுவில் எழுதியிருக்காது, அதற்கு வெகுதூரம் தள்ளிக் கிடக்கிற சின்னத் துண்டில் எழுதியிருக்கும், அதுதான் சுவிட்ச். கை முளைக்க வேண்டிய இடத்தில் கை முளைக்கும் மரபணுவை முடுக்கி விடுகிற சுவிட்ச் எதுவென்று கண்டுபிடிக்க ஒரு நிரலை ஐந்து வருடமாக ஊட்டி வளர்த்திருக்கிறாள். நிரலும் நன்றாகத்தான் படித்தது, பழைய பதிப்பில் சரியாகப் படித்து, இதோ இந்தப் பன்னிரண்டு என்று சரியாகக் கையும் காட்டியது. கடைசியில் எடுத்து எழுதின குமாஸ்தா வேலையில்தான் கோட்டை விட்டிருக்கிறாள். அந்தத் துண்டை அம்ரீன் நீலம் உண்டாக்குகிற மரபணுவோடு ஒட்டுவாள், சுண்டெலி முட்டைக்குள் ஊசியால் செலுத்துவாள், முட்டையை ஒரு தாய்ச் சுண்டெலியின் வயிற்றில் வைப்பாள். பதினோராம் நாள் தாயைக் கொன்று கருக்களை எடுத்துச் சாயத்தில் போட்டால், சுவிட்ச் உண்மையானால், அந்த அரை அங்குலத்துக்கும் குறைவான உடம்பில் கை முளைக்கிற இடம் மட்டும் நீலமாகும். தாயைக் கொல்வது விலங்குக்கூடத்து ஏகாம்பரம் அண்ணன். பென்சில் தடிமனில் ஓர் இரும்புக்கம்பி, அதைக் கழுத்தின் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டு வாலைப் பிடித்து ஒரு இழு. அவரைக்காய் முனையை ஒடிக்கிற சத்தம் வரும் செண்பா, என்று அம்ரீன் சாப்பிடும்போது சொன்னாள், அன்றைக்கு மெஸ்ஸில் அவரைக்காய்ப் பொரியல், செண்பகவல்லி தட்டைத் தள்ளி வைத்தாள், அம்ரீன் வழித்துச் சாப்பிட்டாள். இதுவரை நாற்பத்தொரு தாய். நாற்பத்தொரு டக். ஒன்றில்கூட நீலம் கையில் விழவில்லை. எப்படி விழும். அவள் கொடுத்தது சுவிட்சே இல்லையே, வெறும் சுவரைப் போட்டு நாற்பத்தொரு முறை தட்டியிருக்கிறார்கள், தட்டத் தட்ட ஒரு கழுத்து. இன்று செவ்வாய், பதினோரு மணிக்கு மூன்றாம் தொகுதி. ஒன்பது தாய். மணி பத்து இருபத்தெட்டு.

நீலம் விழவில்லை என்றால் தப்பு யாருடையது என்று நேற்றுத்தான் தீர்ப்பாகியிருந்தது. திங்கட்கிழமைக் கூட்டம், ஆய்வகத்தை நடத்துகிற ஹேமலதா மேடம் மேசைத் தலைமாட்டில், பக்கத்தில் நுண்ணோக்கியில் வைக்கிற கண்ணாடிச் சில்லுகள் அடுக்கின தட்டு, அதில் நிறமே இல்லாத கருக்கள். மேடம் கத்துகிறவர் இல்லை. கத்தினால்கூடத் தேவலை. "செண்பாவோட ப்ரோகிராம் குடுத்த ஸ்கோர் எல்லாம் தொண்ணூறுக்கு மேல. கம்ப்யூட்டருக்குக் கை நடுங்காது. அப்ப தப்பு எங்க இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், எட்டி அம்ரீனின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "இங்க." அப்படியே பிடித்திருந்தார். அம்ரீனின் கண்ணாடி வளையல் இரண்டு முழங்கைப் பக்கம் இறங்கிப்போனது. பிடியை விட்டபோது மேடத்தின் முழங்கை பட்டதா, வேண்டுமென்றே தட்டினாரா, தட்டு கீழே போய் நூறு சில்லும் நொறுங்கியது, ஒருவரும் குனியவில்லை, அம்ரீன் மட்டும் குனிந்தாள், வெறுங்கையால் பொறுக்கினாள், விரலில் கிழித்து ரத்தம் வந்தது, "பாத்தியா, இதைக்கூடப் பொறுக்கத் தெரியல" என்றார் மேடம். செண்பகவல்லி என்ன செய்துகொண்டிருந்தாள்? பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் அப்போதே இருந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் தோற்பது கைத்தப்பு இல்லை, கைத்தப்பு என்றால் ஒன்றிரண்டாவது தப்பித் தவறிச் சரியாக வந்திருக்கும், எல்லாமே ஒரே மாதிரி தோற்கிறது என்றால் தப்பு மேலே எங்கேயோ இருக்கிறது, பட்டியலில் இருக்கிறது, இது தெரியாத முட்டாளா அவள். தெரிந்தும் மூடியைக் கடித்தாள். அந்த மூடியை இப்போது மேடத்தின் கண்ணில் குத்த வேண்டும் போல இருந்தது, குத்தித் திருக வேண்டும், அவருடைய மணிக்கட்டை மடக்கி மேசை விளிம்பில் வைத்து ஓங்கி ஒரு போடு. செண்பகவல்லி சொந்த வாழ்க்கையில் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்கப் பக்கத்து அறைப்பெண்ணைக் கூப்பிடுகிறவள். ஆனால் மனசுக்குள் அவள் அளவுக்கு வெட்டிச் சாய்க்கிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது.

கோப்பைத் திருத்திவிடலாம். அந்த எண்ணம் நல்ல பிள்ளையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. எண்களைப் புதுப் பதிப்புக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும், ஒரு நிமிஷ வேலை. கோப்பின் தேதியையும் பழைய தேதியாக்கத் தெரியும். அடுத்த மாதம், மேடம், இன்னும் பன்னிரண்டு துண்டு தேர்ந்தெடுத்திருக்கிறேன், என்று அதே பன்னிரண்டைச் சரியான இடத்திலிருந்து வெட்டிக் கொடுத்தால் முடிந்தது. நீலம் விழும். கை கையாக நீலம் விழும். அப்போது அம்ரீன் இருக்க மாட்டாள், இந்த மாதம் முப்பதோடு அவளுடைய பதவி நீட்டிப்பு முடிகிறது, மேடம் கையெழுத்துப் போடப் போவதில்லை, ஆம்பூருக்குப் போவாள், அவளுடைய வாப்பா ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அவளுக்குப் பதிலாக வருகிறவன் கை நல்ல கை என்று பெயர் வாங்கிக்கொள்வான். எல்லாருக்கும் நல்லது. கெட்டது அம்ரீனுக்கு மட்டும், அதுவும் ஒரேயடியாகக் கெட்டது என்று சொல்ல முடியாது, மாப்பிள்ளை துபாயில் இருக்கிறாராம். சீ. எவ்வளவு வாகாக ஓடுகிறது புத்தி. வாயைத் திறந்தால் என்ன ஆகும்? மேடம் மணிக்கட்டைப் பிடிக்க மாட்டார், நேராகக் கழுத்துதான். ஐந்து வருடம், ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம், வெளிவரக் காத்திருக்கும் கட்டுரை, நாற்பத்தொரு உயிருக்குக் கணக்குக் கேட்கிற குழு. கழுத்தின் பின்னால் சில்லென்று ஏதோ வைத்த மாதிரி இருந்தது, ஏ.சி. காற்று, கை தானாகப் போய் அங்கே தடவியது. அங்கே ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலேதான் ஏகாம்பரம் கம்பியை வைப்பாராம். எண்ணைத் திருத்தினால் போதும். மல்லிகா முப்பத்திரண்டு, மரியபுஷ்பம் முப்பத்தொன்று. அய்யோ இது எங்கிருந்து வந்தது, பதினேழு வருடமாகக் கூப்பிடாத பெயர்.

கோவில்பட்டி, ஏழாம் வகுப்பு பி பிரிவு, டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுத வேண்டும். செண்பகவல்லிதான் லீடர், வேறு யார், அடி வாங்கின சரித்திரமே இல்லாத பிள்ளை. பெயரைப் போட்டுப் போர்டை நிறைக்காதே, நம்பரைப் போடு, என்பது தவமணி டீச்சரின் சட்டம். எழுதின பிறகும் பேசினால் நம்பருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி, மறுபடி பேசினால் இன்னொன்று. சாக்பீஸ் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கால்மணி நேரம் இருக்கிறதே, நாற்பது பேரும் அவள் கையையே பார்ப்பார்கள். அது ருசியாக இருந்தது, இப்போது மறைத்து என்ன. காலாண்டு விடுமுறை முடிந்து அகிலா என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். அகரவரிசையில் அவள் முதலில் வந்தாள், டீச்சர் வருகைப் பதிவேட்டையே புதிதாக எழுதினார், எல்லாருக்கும் ஒரு நம்பர் கூடியது. காலையில்தான் அறிவித்தார், செண்பகவல்லியும் கேட்டாள், பிற்பகல் சாக்பீஸைப் பிடித்ததும் மறந்தாள். பேசினது மல்லிகா. மூச்சு விடாமல் பேசினாள். மல்லிகா எப்போதும் முப்பத்தொன்று. முப்பத்தொன்று என்று எழுதி, ஒரு பெருக்கல், இன்னொன்று, மூன்றாவதைச் சாக்பீஸ் உடையும்படி அழுத்திப் போட்டாள். டீச்சர் வந்தார், போர்டைப் பார்த்தார், புதுப் பதிவேட்டைப் பார்த்தார், "மரியபுஷ்பம், எந்திரி" என்றார். கடைசி பெஞ்சில் இருந்து எழுந்தது, வருடம் முழுக்க வாயைத் திறக்காத பிள்ளை. செண்பகவல்லிக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்ல வழியே இல்லை, உள்ளங்கால் வரை தெரிந்தது. டீச்சர், நம்பர் மாறிப்போச்சு. மூன்றே வார்த்தை. "நான் பேசல டீச்சர்" என்றாள் மரியபுஷ்பம். "இப்ப என்ன பண்ணுத?" என்று கேட்டு இடக்காதோடு சேர்த்து ஓர் அறை. பெஞ்ச் முனையில் மோதித் திரும்பியவளுக்கு அதே காதில் இன்னொன்று. மூன்றாவது பெருக்கலுக்கு மூன்றாவது. எண்ணித்தான் அடித்தார். மல்லிகா குனிந்து பென்சில் சீவினாள். செண்பகவல்லி சாக்பீஸ் தூளைப் பாவாடையில் துடைத்தாள். ரெண்டு நாள் கழித்து மரியபுஷ்பத்தின் காதில் பஞ்சு, அப்புறம் சீழ், அப்புறம் டீச்சர்கள் எல்லோரும் அவளை முன் பெஞ்சில் உட்காரவைத்து அவளிடம் மட்டும் சத்தமாகப் பேசினார்கள். லீடரிடம் அவள் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை தண்ணீர்க்குழாயடியில் பக்கத்தில் நின்றபோது செண்பகவல்லி சொல்லத் தொடங்கினாள், நிஜமாகவே தொடங்கினாள், ஆனால் மரியபுஷ்பத்தின் இடப்பக்கமாக நின்று தொடங்கினாள். மரியபுஷ்பம் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். வலப்பக்கம் சுற்றி வர நாலு அடி. அந்த நாலு அடியை அவள் நடக்கவில்லை.

பத்து ஐம்பது. எழுந்தாள், நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. லிஃப்டுக்கு நின்றால் மனசு மாறிவிடும் என்று படியில் இறங்கினாள். ஒன்பது தாய் இருக்கிறது, ஒன்பதையாவது நிறுத்தலாம், பதினோரு மணிக்கு முன்னால் போய் நிறுத்துங்கள் அண்ணே என்று சொன்னால் ஒன்பது கழுத்து மிச்சம், அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. படி இறங்க இறங்க அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் வழுக்கியது, உருண்டு விழுந்து மண்டை உடைந்தால் எல்லாம் முடிந்தது, யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், கட்டுரையில் கறுப்புக் கட்டம் கட்டி நினைவாக என்று போடுவார்கள், அம்ரீன் அழுவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தரைத்தளத்தில் மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி. மூன்று வருடமாக இந்தக் கதவு வரைக்கும் வந்து பட்டியலை நீட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். காலுறை, முகமூடி, நீலத் தொப்பி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். எஃகு மேசை மேல் ஒன்பது கூடு. ஒன்பதும் உயிரோடு, ஒன்று முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தைந்து. ஏகாம்பரம் கம்பியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, நீ எல்லாம் இங்க வர மாட்டியே."

"அண்ணே, நிறுத்துங்க. இன்னைக்கு வேண்டாம். நான் குடுத்த நம்பர் தப்பு. இதுங்க வயித்துல இருக்கிறது எல்லாம் தப்பான துண்டு. கொன்னு பிரயோஜனமே இல்ல."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "முன்னாடி போச்சே, அதுங்க?"

"அதுவும் தப்புதான்."

"நாப்பத்தொண்ணும்?"

"ஆமாண்ணே."

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார், முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, அதில் கோபம் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "நிறுத்துனா எங்க வச்சிக்கிறது? ஊசி போட்ட எலி வெளிய போவக் கூடாது, சட்டம். பர்மிஷன் பேப்பர்ல இன்னைக்குத் தேதி போட்டு ஒம்போதுன்னு எழுதிக்கீறாங்க. வச்சிருந்தா இன்னும் எட்டு நாள்ல குட்டி போடும், அப்பால அதுங்களையும் சேத்து அடிக்கணும். நீ ரைட்டா எழுதுனாலும் இதான், தப்பா எழுதுனாலும் இதான். பாக்குறதுன்னா பாரு, இல்லாட்டி வெளிய நில்லு."

அவள் வெளியே போகவில்லை. சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். பதினோரு மணிக்கு முதல் கூட்டைத் திறந்தார். வாலைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் விட்டார், அது நாலு காலையும் பரப்பிக்கொண்டு முன்னால் ஓடப் பார்த்தது, ஓட வேண்டும் என்றுதான் விடுகிறார், ஓடும்போது கழுத்து நீளும். கம்பி. இழு. டக் என்று வரவில்லை. மூன்று வருடமாக அவள் காதுக்குள் வைத்திருந்த சத்தம் அங்கே இல்லவே இல்லை, ஏதோ ஈரமாக, மெதுவாக, சட்டைப் பொத்தான் கழன்ற அளவுக்கு ஒன்று, அவ்வளவுதான். பின்னங்கால் இரண்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றையும் அவர் அடுத்த அறையின் சன்னல் வழியாகத் தட்டில் வைத்து நீட்டினார், அந்தப் பக்கமிருந்து உறை மாட்டின ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது, விரலில் உறைக்கு உள்ளே பேண்டேஜ் புடைத்துத் தெரிந்தது. நடுங்காத கை. ஒன்பது முறை வந்தது, ஒருமுறைகூட நடுங்கவில்லை. ஒன்பது உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று ஓடி வந்தவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை, அதற்கு ஒரு சாக்கும் கிடையாது, யாரையும் காப்பாற்றின பெருமையும் கிடையாது, அது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் நாலு அடிதான் இருக்கும்.

அம்ரீன் நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். தட்டில் உப்புநீர், அதில் அவரை விதை அளவுக்குக் கருக்கள், தாய்கள் வரிசையாக வயிறு திறந்து கிடந்தன. "அங்கயே நில்லுங்கண்ணே, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்றாள், ஏகாம்பரம் என்று நினைத்து.

செண்பகவல்லி சுற்றி வந்து அவளுக்கு எதிரே நின்றாள். "அம்ரீன், நம்பர் மாறிப்போச்சு."

அம்ரீன் நிமிர்ந்தாள்.

"பழைய பதிப்பு நம்பரை வச்சுப் புதுப் பதிப்புல எடுத்துட்டேன். பன்னெண்டும் தப்பான இடம். உன் கையில ஒண்ணுமே தப்பில்ல. நேத்துக் கூட்டத்துலயே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. நான் பேசல."

அம்ரீன் இடுக்கியைக் கழுவி வைத்தாள். "நேத்து சாயந்திரம் மேடம் கூப்பிட்டாங்க" என்றாள், மிக நிதானமாக. "கைத்தப்புதான்னு எழுதிக் குடுத்தா அனுபவச் சான்றிதழாவது தர்றேன்னாங்க. எழுதிக் குடுத்துட்டேன். ராத்திரி பூரா என் கையைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன் செண்பா. டம்ளர்ல தண்ணி ஊத்தி, விளிம்பு வரைக்கும் ஊத்தித் தூக்கித் தூக்கிப் பாத்தேன், நடுங்குதான்னு."

சொல்லிக்கொண்டே வலதுகை உறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக இழுத்து, பேண்டேஜ் போட்ட விரலில் மட்டும் கொஞ்சம் பார்த்து இழுத்து, மடித்து, சிவப்புக் கூடையில் போட்டாள். பிறகு அறைந்தாள். செண்பகவல்லியின் இருபத்தொன்பது வருடத்தில் முதல் அடி. அவள் அதைக் காதில் எதிர்பார்த்து நின்றாள், ஏனோ காதுதான் என்று முடிவே செய்திருந்தாள், ஆனால் அது ரெண்டு விரற்கடை தள்ளி மூக்கிலும் கன்னத்திலும் விழுந்தது, கண்ணாடி பறந்துபோய் மேசைக்கடியில் கிடந்தது. மூக்கிலிருந்து சூடாக ஏதோ உதட்டுக்கு இறங்கியது. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் ஒரு கட்டுப் பஞ்சைத் தட்டில் வைத்து இந்தப் பக்கம் நீட்டினார்.

"மேல போலாம்" என்றாள் அம்ரீன். "நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன். சொல்லாம மூடியைக் கடிச்சீன்னா இன்னொண்ணு வைப்பேன், அவங்க முன்னாடியே."

செண்பகவல்லி பஞ்சை வாங்கிக்கொண்டாள், மூக்கில் வைக்கவில்லை. மேசைக்கடியில் குனிந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள், ஒரு பக்கச் சில்லு விரிசல் விட்டிருந்தது. காது இரண்டும் நன்றாகக் கேட்டன, மேலே மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பதுகூடக் கேட்டது. அவள் முன்னால் படியேறினாள், அம்ரீன் பின்னால் வந்தாள், ரத்தம் படிக்கு ஒரு சொட்டாக விழுந்துகொண்டே வந்தது. அதைத் துடைக்காமலே போய் மேடத்தின் கதவைத் தட்டினாள்.